ஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்

பொங்கலன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே நாச்சிமுத்து டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் வருகிற நிகழ்ச்சி ஏழு மணிக்குத்தான். இரண்டு மணி நேரம் முன்னதாக உட்கார்ந்தால் அது சீக்கிரம் வந்துவிடப்போகிறதா, இல்லை வராமல்தான் போய்விடப்போகிறதா? இரண்டும் இல்லை என்று அவருக்கே தெரியும், ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. மத்தியானம் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கல் இன்னும் நெஞ்சிலேயே நின்றது. திரையில் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா மனைவியா என்று தலைப்பு. வேறு தலைப்பே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? மனைவி கட்சியில் பேசிய அம்மாள் ஒருத்தி, காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒரு பெண் விட்டுக்கொடுப்பதையெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள். விரல் தீர்ந்து போனதும் கூட்டம் கைதட்டியது. நாச்சிமுத்து வால்யூமைக் குறைத்தார். சமையலறையில் இருந்து வசந்தாமணி, ஏன் குறைச்சுட்டீங்க, நல்லாத்தானே பேசறாங்க என்று கேட்டாள். மறுபடியும் கூட்டினார். அவள் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். காலையில் இருந்தே பட்டுப்புடவையை மாற்றவில்லை. திருப்பூரில் இருந்து மகள் பிருந்தாவும் மருமகன் சதீஸும் நேற்றே வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு ருக்குமணி ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். கரூரில் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாவாக முப்பத்தாறு வருஷம் ஓட்டியவருக்கு டிவியில் முகம் வருவதென்றால் சின்ன விஷயமா? எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்குத்தான் பயம்.

வெட்டியிருப்பார்கள். கண்டிப்பாக வெட்டித்தான் இருப்பார்கள். அந்தக் கழுத்தில் அட்டை மாட்டிய பெண்தான் நவம்பரில் ஷூட்டிங் நடந்த அன்றைக்கே சொன்னதே, மூணு மணி நேரம் எடுப்போம் சார், நாற்பது நிமிஷம்தான் போடுவோம், நீங்க தைரியமா பேசுங்க என்று. மூன்று மணி நேரத்தில் நாற்பது நிமிஷம் என்றால் நாலில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று ஜோடிகள், ஆடல், பாடல், நடத்துகிறவன் அடிக்கிற ஜோக்குகள், நடுவில் விளம்பரம் எல்லாம் போக அவருக்கு என்ன மிஞ்சும்? நவம்பரில் இருந்து இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டுப் பார்த்துவிட்டார். பல் தேய்க்கும்போது போட்டார், டீக்கடையில் போட்டார், கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு சாமி முன்னாலேயே போட்டார். ஒவ்வொரு தடவையும் வெட்டியிருப்பார்கள் என்றுதான் விடை வந்தது. அப்படி விடை வந்த அடுத்த நிமிஷமே, நீயாக இருந்தால் எதை வெட்டுவாய் என்று உள்ளே ஒருத்தன் கேட்டான். அதற்குமேல் கணக்கு ஓடவில்லை. நிகழ்ச்சிக்குப் பெயர் 'கண்ணாடிக்கு அந்தப் பக்கம்'. மனைவியை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிப் பாட்டுப் போட்டுவிடுவார்கள். அவள் கண்ணுக்கு எல்லாம் தெரியும், காதில் ஒன்றும் கேட்காது. வெளியே கணவனிடம் ஒரே ஒரு கேள்வி: இதுவரைக்கும் மனைவிகிட்டச் சொல்லாத ஒரு விஷயம் என்ன? அப்புறம் அவளை வெளியே கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்பார்கள். சரியாகச் சொன்னால் மிக்ஸி. தப்பாகச் சொன்னால் மிக்ஸியும் கிடையாது, விடையும் கிடையாது, ஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். வசந்தாமணி தப்பாகச் சொன்னாள். எங்க வீட்டுக்காரருக்கு மறைக்கவே தெரியாதுங்க, அவர் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும் என்றாள். அதற்குத்தான் அன்றைக்கு எல்லோரையும் விட அதிகமாகக் கைதட்டல் விழுந்தது.

பட்டிமன்றம் முடிந்து சமையல் போட்டி வந்தது. கரும்புச்சாற்றில் பொங்கல் வைக்கிறாளாம் ஒருத்தி. அதில் முந்திரியைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சிரிக்கிறாள். டிவியில் வருகிறவர்கள் ஏன் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார்கள்? அவரும் அப்படித்தானே சிரித்தார். அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு பேர், எதைச் சொன்னாலும் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் என்னவோ ஒழுங்காகத்தான் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தார். சர்க்கரை நோய் இருந்தும் டீக்கடையில் ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிக்கிறேன், இதுதான் அவருடைய ரகசியம். அட்டை மாட்டிய பெண்ணும், சூப்பர் சார், அதையே சொல்லுங்க என்றது. வேனில் போகும்போது மனசுக்குள் நாலு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டார். முதல் ஜோடியில் கணவன், மாமியார் கொடுத்தனுப்பிய முறுக்கை பஸ்ஸிலேயே தின்று தீர்த்ததைச் சொன்னான். இரண்டாவது ஆள், பெண்டாட்டி வளர்த்த கிளியைத் தானேதான் பறக்க விட்டதாகச் சொன்னான். அப்புறம் அவர் முறை வந்தது. கண்ணாடிக்குள் பார்த்தார். வசந்தாமணி அவ்வளவு பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி, மடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவளுக்குக் கேட்காது. எதிரிலேயே இருக்கிறாள், முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம், கேட்காது. இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வசதி அவருக்கு வாய்த்ததே இல்லை. மூளை எங்கே போய் மேய்ந்துகொண்டிருந்ததோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. அவளுக்கு வந்த வேலையை ஒளிச்சு வச்சுட்டேனுங்க என்றார். ஒளிச்சு வச்சீங்களா, பீரோவுக்குள்ளயா சார் என்று நடத்துகிறவன் கேட்க, கூட்டம் கொல்லென்று சிரிக்க, இவரும் சிரித்தார். இல்லீங்க, சாப்பாட்டுப் பையிலீங்க என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

சாப்பாட்டுப் பை என்றால் நீல நைலான் பை. தொண்ணூற்றாறு, ஜூன் மாதம். காலையில் சைக்கிளில் ஆபீஸ் கிளம்பித் தெருமுனை திரும்பும்போது தபால்காரர் நிறுத்தி, உங்க சம்சாரத்துக்கு ஒண்ணு வந்திருக்கு, கையோட வாங்கிக்கங்க, நான் வெயில்ல அவ்வளவு தூரம் வரவேண்டாம் பாருங்க என்று நீட்டினார். இன்டர்வியூ கார்டு. வசந்தாமணி ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஜூன் பதினாலு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, திருச்சி. சாயங்காலம் கொடுத்துக்கொள்ளலாம் என்று டிபன் டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் செருகினார். இதுவரைக்கும் தப்பில்லை. எங்கே தப்பு ஆரம்பித்தது என்று அவர் தேடாத நாளில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது பிருந்தாவுக்குப் பேதி, குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதனால் சொல்லவில்லை. அது பொய். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆபீஸில் வைத்து மறுபடி எடுத்துப் படித்தார். சர்க்கார் சம்பளம். அவருடையதைப்போல் இரண்டு பங்கு இருக்கும். எந்த ஊரில் போடுவார்களோ, இவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பாரோ, ஆபீஸில் மற்றவர்கள், என்னப்பா டீச்சரம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பார்களோ. பயந்துவிட்டார். வேறு ஒன்றும் இல்லை, வெறும் பயம். கார்டைப் பழைய லாரி ரசீதுக் கட்டுக்குள் வைத்தார். பதினைந்தாம் தேதி காலையில் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது, இனிமேல் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

அதற்குள் டிவியில் அது வந்துவிட்டது. முன்னோட்டம். இன்று இரவு ஏழு மணிக்கு என்று பெரிதாக எழுத்து வந்து, மனைவிகிட்டச் சொல்லாத ரகசியம் என்ன என்று நடத்துகிறவன் கேட்க, சடாரென்று திரை முழுக்க நாச்சிமுத்துவின் முகம். வாயைத் திறந்துகொண்டு சிரிக்கிறார். மேல் பல்லில் சந்து தெரிகிறது. இரண்டு நொடி, அவ்வளவுதான், அப்புறம் எண்ணெய் விளம்பரம். அப்பா, அப்பா என்று பிருந்தா கத்தினாள். வசந்தாமணி மாவுக் கையோடு ஓடி வந்து பார்ப்பதற்குள் போய்விட்டது. நவம்பரில் இருந்து அவளும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். சொல்லிருங்க, அப்படி என்னத்தைத்தான் ஒளிச்சீங்க, எங்கண்ணன் குடுத்த வாட்சைத் தொலைச்சீங்களே அதா, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல ஸ்வீட்டை எடுத்துத் தின்னீங்களே அதா என்று விளையாட்டாக ஆரம்பித்து, போகட்டும் போங்க, டிவியிலயே பாத்துக்கறேன் என்று முடிப்பாள். ஒருநாள் சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டையைச் செருமினார். உடனே அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீரைக் குடித்ததும் சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது. இப்போது முகம் வந்துவிட்டதே, அப்படியானால் வெட்டவில்லையா? முகத்தைக் காட்டினால் பேச்சைப் போடுவார்கள் என்று என்ன நிச்சயம்? சிரிக்கிற இடம் வேறு, பேசின இடம் வேறாகவும் இருக்கலாமே. கிளியைப் பறக்கவிட்டவன் பேசும்போதுகூட அவர் இப்படித்தான் சிரித்தார். அது கிளிக்குச் சிரித்த சிரிப்பு. அதுவாகத்தான் இருக்கும்.

குழந்தைகள் வினாடிவினா வந்தது. பதினேழு ஆறு எவ்வளவு என்று கேட்டதும் திரையில் ஒரு வாண்டு விட்டத்தைப் பார்த்தது. சமையலறையில் இருந்து நூற்றிரண்டு என்று சத்தம் வந்தது. எப்போதும் அப்படித்தான். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் யாருக்காகவும் சொல்லவில்லை, எண்ணெயில் வடையைத் தட்டிப் போட்டுக்கொண்டே சொல்கிறாள். இந்த நிகழ்ச்சியை மாற்றிவிடலாம் என்று ரிமோட்டைத் தேடினார். சதீஸ் கையில் இருந்தது. சதீஸ் தங்கமான பையன், ஆனால் ரிமோட்டைக் கொடுக்க மாட்டான். எழுந்து போய் டிவிக்குப் பின்னால் செட்டாப் பாக்ஸ் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். லூசாகத்தான் இருந்தது. கொஞ்சம் இழுத்தால் போதும். என்ன மாமா, படம் சரியாத்தானே வருது என்றான் சதீஸ். தூசி இருக்குது என்றார். கரண்ட் போனாக்கூடக் கவலையில்லீங்க மாமா, போன்லயே பாத்துக்கலாம் என்று அவன் ஆறுதல் வேறு சொன்னான். திரும்பி வந்து உட்கார்ந்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ரினியூவல் என்பாள். கார்டு வந்து போன பிறகும் ஐந்து தடவை அவளை டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய் அந்த ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டவர் அவர்தான். அவள் வரிசையில் நிற்பாள், இவர் வேப்பமரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டு நிற்பார். பிருந்தா ஒன்பதாவது படிக்கும் வரைக்கும் நடந்தது இந்தக் கூத்து. கூடப் படித்த சுலோச்சனா தலைமையாசிரியராகிவிட்டாள் என்று கேள்விப்பட்ட வருஷம், போதுமுங்க, இனிமே வயசு போச்சு என்று அவளாகவே நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு வரும் வழியில் அவர் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். ரோஸ்மில்க்! தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

ஆறரைக்கு ருக்குமணி வந்தாள். வந்தவள் சும்மா வராமல் ஒரு தட்டு நிறைய முறுக்கோடு வந்தாள். மேஜிக் நிகழ்ச்சி ஒன்று ஓடியது. தொப்பிக்குள் இருந்து புறா, கைக்குட்டைக்குள் இருந்து இன்னொரு புறா. புறாவை ஒளித்து வைத்தவன் கடைசியில் அதை எடுத்துக் காட்டிவிடுகிறான், கைதட்டுகிறார்கள். நாச்சிமுத்துவுக்கு வேறு ஒரு யோசனை ஓட ஆரம்பித்தது. இதை இத்தனை நேரம் நினைக்கக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தார். அவர் அன்றைக்குச் சிரித்ததோடு நிறுத்தவில்லை. சாப்பாட்டுப் பை என்று சொல்லி எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, கண்ணாடிக்குள் அவள் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அது தப்புங்க, பெரிய தப்புங்க, அவ கிளாஸ்ல நின்னு பாடம் நடத்தறதை நான் பாத்திருக்கணும், என் பயத்துல அவ வாழ்க்கையைக் கெடுத்துட்டேனுங்க, அவகிட்ட மன்னிப்புக் கேக்கத் தைரியம் வர மாட்டேங்குது என்று கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டார். நடத்துகிறவன் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கண்ணாடிக்குள் அவளுக்கு முதுகுதான் தெரிந்திருக்கும், கட்டிப்பிடித்தவனின் முதுகு. ஆகவே வெட்டினால் மொத்தமாக வெட்டட்டும். போடுவதாக இருந்தால் மொத்தமாகப் போடட்டும். அழுததையும் போட்டால் அவளுக்குப் புரிந்துவிடும். ஏன், இவர் வாயால் சொல்ல வேண்டியதை அதுவே சொல்லிவிடுமே. ஏழு மணி நெருங்க நெருங்க இரண்டாவது ஆசைதான் பெரிதானது. போட்டுவிடட்டும், சாமி. முழுசாகப் போட்டுவிடட்டும். இன்றோடு தீர்ந்துவிடும். முதல் தடவையாக அவருக்கு ஒரு முறுக்கை எடுத்துக் கடிக்கலாம்போல் இருந்தது.

ஏழு மணி. வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நெற்றியில் புதிதாகப் பொட்டு வைத்திருந்தாள், டிவியில் இருந்து அவர்கள் இவளைப் பார்க்கப்போகிற மாதிரி. முறுக்குத் தின்றவன் வந்தான், எல்லோரும் சிரித்தார்கள். கிளியை விட்டவன் வந்தான், இன்னும் சிரித்தார்கள். அவர் முறை வந்தது. கண்ணாடிக்குள் அவள் தலையாட்டுகிறாள், கையசைக்கிறாள். அம்மா, நீ ஸ்கூல் பிள்ளையாட்ட இருக்கிறே என்றாள் பிருந்தா. அப்புறம் அவருடைய குரல். அவளுக்கு வந்த வேலையை ஒளிச்சு வச்சுட்டேனுங்க. பீரோவுக்குள்ளயா சார். இல்லீங்க, சாப்பாட்டுப் பையிலீங்க. இன்டர்வியூ கார்டைக் கையிலேயே வாங்கி ஒளிச்சேனுங்க. ஒவ்வொரு வரிக்கும் டொய்ங் என்று ஒரு சத்தம் சேர்த்திருந்தார்கள். சாப்பாட்டுப் பை என்றபோது பொம்மைப் பை ஒன்று திரையில் குதித்து ஓடியது. அவர் சிரிக்கிறார், பல்லில் சந்து தெரியச் சிரிக்கிறார், இப்போது வரும், இதோ குரல் உடையப்போகிறது, இதோ. சிரித்த முகம் அப்படியே உறைந்து நின்றது. பாட்டு அடித்தது. ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு என்று எழுத்து வந்தது. வாஷிங் பவுடர் விளம்பரம் வந்தது. அவ்வளவுதான். அழுததை வெட்டிவிட்டார்கள். பொங்கலன்றைக்கு யாராவது அழுகிறவனைக் காட்டுவார்களா?

ருக்குமணி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், பையில வெச்சீங்களா அண்ணா என்று. சதீஸ் பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பிருந்தாவைப் பார்த்தான். பிருந்தா அம்மாவைப் பார்த்தாள். வசந்தாமணி ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை அணைத்ததும்தான் ருக்குமணிக்கு உறைத்தது. நாச்சிமுத்து நாற்காலி நுனிக்கு வந்தார். அதுக்கப்பறம் இன்னும் பேசினேன், அதை வெட்டிட்டாங்க என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான சமாதானம் என்று அவருக்கே கேட்டது. என்ன பேசுனீங்க என்று வசந்தாமணி கேட்டாள். கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். முன்பின் தெரியாதவன் தோளில் சாய்ந்துகொண்டு சொல்ல முடிந்தது, சொந்த வீட்டு ஹாலில் வரவில்லை. தப்பு என்கிற ஒரு வார்த்தையாவது வந்துவிடும் என்று வாயைத் திறந்தார். ஜூன் பதினாலு, வெள்ளிக்கிழமை, பத்து மணி, திருச்சி என்றுதான் வந்தது. இத்தனை வருஷம் மனசுக்குள் உருட்டியதில் அது ஒன்றுதான் மழமழவென்று இருந்தது.

"எந்த அட்ரஸுக்குங்க வந்துச்சு?" என்று வசந்தாமணி கேட்டாள்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. நம்ம அப்போதைய வாடகை வீட்டுக்குத்தான் என்றார்.

"இருபத்திமூணு பார் ரெண்டுன்னு சரியாப் போட்டிருந்துச்சுங்களா?"

சரியாகத்தான் போட்டிருந்தது என்றார்.

"நாம அந்த வீட்டுக்குக் குடி வந்தப்ப நான்தானுங்க அட்ரஸ் மாத்தி எழுதிக் குடுத்தேன். கூடப் படிச்சவங்களுக்கெல்லாம் கார்டு வந்துச்சு, நான் கதவு நம்பரைத் தப்பா எழுதிட்டேன் போல, அதனாலதான் என்னோடது எங்கியோ போயிருச்சுன்னு நினைச்சுட்டே இருந்தேன். ரினியூவலுக்குப் போறப்பெல்லாம் அந்த ஆளுககிட்ட, நான் எழுதுனதைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்கன்னு கேப்பேன். ஒருத்தரும் எடுத்துக் காட்டல. உங்ககிட்டச் சொன்னா, படிச்சவ ஒரு நம்பர் எழுதத் தெரியலையான்னு கேப்பீங்கன்னு சொல்லலீங்க." கொஞ்ச நேரம் வாஷிங் பவுடரைப் பார்த்தாள். "அப்ப நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்."

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார் நாச்சிமுத்து. கோபம் வரும், வராமல் எங்கே போகும், நாளைக்கோ மறுநாளோ வந்தே தீரும், அதைத் தாங்கிக்கொள்ள இரண்டு மாதமாகத் தயாராகத்தான் இருக்கிறார். ஆனால் இப்போது அவள் முகத்தில் இருந்தது நிம்மதி. பரீட்சையில் பெயிலாகவில்லை என்று இருபத்தெட்டு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டவளின் நிம்மதி. அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. விளம்பரம் முடிந்து, திரையில் வசந்தாமணி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பதில் சொல்வதற்காகச் சிரித்தபடியே கண்ணாடி அறையில் இருந்து வெளியே வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை வைத்தாள்.